கும்புக்கன் ஓயாக் கரையில் பொழுதுபடப் பாடிய நீளவால் குருவி எது?

திருக்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போனபோது, கும்புக்கன் ஓயாக் கரையில் ஓர் இரவு தங்கினார்களாம். பொழுதுபடுகிற நேரம், மருதை மரங்களுக்கு அடியில் இருந்த பற்றைக்குள் ஒரு சின்னக் குருவி விடாமல் பாடியிருக்கிறது. மேலெல்லாம் கறுப்பு, வயிறு செங்கல் நிறம், உடம்பை விட வால் நீளம். கிளம்பிப் பறந்தபோது பின்பக்கம் வெள்ளையாக ஏதோ மின்னி மறைந்தது. கூட வந்த மாமா, "இது கரிச்சான் மனே, வேற என்ன" என்றாராம். மச்சான் ஒருவர் அரசவால் ஈப்பிடிப்பான் என்று அடித்துச் சொன்னாராம். போனில் எடுத்த படத்தில் இலையும் இருட்டும்தான் இருக்கின்றன. அது என்ன குருவி, ஊருக்குக் கிட்ட எங்கே பார்க்கலாம், பிடித்துக் கூட்டில் வளர்க்கலாமா? இந்த மூன்றும்தான் கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சோலைபாடி. ஆங்கிலத்தில் ஷாமா என்பார்கள். அது இந்திச் சொல், கறுப்பு என்று பொருள்படும் சியாமம் என்ற வடசொல்லின் வழியில் வந்தது. சிங்களத்தில் வல் பொல்கிச்சா. பொல்கிச்சா என்றால் நம் வளவுகளில் திரியும் குண்டுக் கரிச்சான், வல் என்றால் காடு. ஆகவே காட்டுக் குண்டுக் கரிச்சான். பறவை அறிஞர்கள் கோப்சைக்கஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். சிங்களக் கிராமத்து ஆட்கள் அந்த உறவைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வகையில் உங்கள் மாமாவும் முழுக்கப் பிழையில்லை. கரிச்சான் என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் நாலைந்து கறுப்புக் குருவிகளை அடைத்து வைத்திருக்கிறோம், அதில்தான் சிக்கல்.

படம் இல்லாமல் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். நீங்கள் சொன்னவற்றில் நிறத்தை நான் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தி வெளிச்சத்தில், மரநிழலுக்குள், செங்கல் நிறமும் மண்ணிறமும் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனக்கு முடிச்சை அவிழ்த்தது அந்த வெள்ளை மின்னல்தான், அதுவும் அது இருந்த இடம். சோலைபாடியின் முதுகு முடிந்து வால் தொடங்குகிற இடுப்புப் பகுதி சுத்த வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகள் மூடிக்கொள்வதால் அது பாதிதான் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. கிளம்புகிற நொடியில் இறக்கை விரிய, அந்த வெள்ளை பளிச்சென்று வெளியே வரும். வாலின் ஓரச் சிறகுகளும் வெள்ளை என்பதால், விலகிப் பறக்கும்போது நடுவில் கறுப்பும் இரண்டு பக்கமும் வெள்ளையுமாகத் தெரியும். பற்றைக்குள் இறங்கி இறக்கையை மூடினால் எல்லாம் அணைந்துவிடும். "மின்னி மறைந்தது" என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதை விடச் சரியாக யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி, மற்ற ஆட்களை ஏன் விலக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். குருவி பார்ப்பதில் பாதி வேலை, இது அது இல்லை என்று தள்ளுவதுதான்.

குண்டுக் கரிச்சானில் இருந்து தொடங்கலாம், எல்லோருக்கும் தெரிந்தது அது. ஆண் பளபளக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீட்டாக ஒரு வெள்ளைப் பட்டை. வங்காளதேசத்தின் தேசியப் பறவையும் இதுதான், அங்கே தொயெல் என்பார்கள். விடிய முன்னமே கூரை முகட்டில், அன்ரனாக் கம்பியில், முருங்கை உச்சியில் ஏறி நின்று, ஊரே பார்க்கட்டும் என்று பாடும். சோலைபாடிக்கு இறக்கையில் வெள்ளை கிடையாது, வெட்டவெளியில் நின்று பாடுகிற பழக்கமும் கிடையாது. இரண்டும் சொந்தக்காரர்தான், ஆனால் ஒன்று முற்றத்து ஆள், மற்றது காட்டுக்குள் இருந்து வெளியே வரக் கூச்சப்படும் ஆள்.

வெள்ளை வயிற்றுக் கரிச்சான் கிழக்குக் காடுகளில் எங்கும் இருக்கிறது. பெரும்பாலும் மாமா மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும். இதன் வால் மீன்வால் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். சோலைபாடியின் வால் பிரியாது, நடுச் சிறகு நீண்டு, பக்கத்துச் சிறகுகள் படிப்படியாகக் குறுகி வரும். கரிச்சான் நடுத்தர உயரத்தில் ஒரு வெறுங்கொப்பில் நிமிர்ந்து இருந்துகொண்டு, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்து மறுபடி அதே கொப்புக்கு வரும். நிலத்தோடு அதற்குப் பெரிய வேலை இல்லை.

மச்சானுடைய அரசவால் ஈப்பிடிப்பானைத் தள்ளுவது இன்னும் சுலபம். நிறம் நேர் தலைகீழ். அதற்கு முதுகும் வாலும் செம்பழுப்பு, வயிறு வெளிறிய நிறம், தலை மட்டும் கறுப்பு, தலையில் கொண்டை. இங்கே கூடு கட்டி வாழும் இனத்தில் ஆண் எத்தனை வயதானாலும் செம்பழுப்பாகவே இருக்கும். பால்வெள்ளை உடம்போடு வாலை ரிப்பன் போல இழுத்துக்கொண்டு போகிறவை மாரிக்கு இந்தியாவிலிருந்து வந்து போகிறவை. சிங்களத்தில் வெள்ளையைத் துணிக் கள்ளன் என்றும் சிவப்பை நெருப்புக் கள்ளன் என்றும் சொல்வார்கள். அந்த வாலைப் பார்த்த யாருக்கும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும். மச்சானோடு சண்டை வேண்டாம். நீள வால், கறுப்புத் தலை, செம்பழுப்பு என்ற மூன்றையும் அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். எது எங்கே இருந்தது என்பதில்தான் மாறிவிட்டது.

கருஞ்சிட்டு என்று இன்னொன்று. வால் அடியில் மட்டும் செந்நிறம், தோளில் சின்ன வெள்ளை. இது வெயில் ஆள். கல்லும் கட்டையும் காய்ந்த தரையும் உள்ள வெளியில் திரியும், அடர்ந்த காட்டுக்குள் அதற்கு அலுவல் இல்லை. ஆறுமணிக் குருவி என்று நம்மவர்கள் சொல்லும் பலநிறக் குருவி அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலோடு திரும்பிவிடும், ஆடியில் இங்கே இருக்காது. அதற்குச் சொல்லும்படியான வாலும் இல்லை. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீட்டி அடிப்பதால் வந்த பெயர் அது. மயில் தன் உடுப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று அது முறையிடுவதாகச் சிங்களத்தில் ஒரு கதையும் உண்டு.

சரி, இனி சோலைபாடி.

அளவில், சொண்டு முனையிலிருந்து வால் நுனி வரை 25 சென்டிமீட்டர் சொச்சம். அதில் பாதிக்கு மேல் வால். எடை 30 கிராம் அளவுதான், ஒரு கோழிமுட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வருகிறது என்பதை நம்ப நேரம் எடுக்கும். தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் நீலம் ஓடும் கறுப்பு, நெஞ்சுக்குக் கீழே செம்மை, கால்கள் வெளிறிய இளஞ்சிவப்பு. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பெண் குருவி சாம்பல் கலந்த மங்கலாக இருக்கும், பார்த்தவுடன் பிரித்துவிடலாம். நம் நாட்டுச் சோலைபாடியில் அப்படியில்லை. பெண்ணும் ஏறக்குறைய ஆண் போலவே இருக்கும், கொஞ்சம் பளபளப்புக் குறைவு, அவ்வளவுதான். அதனால் நீங்கள் கண்டது ஆணா பெண்ணா என்று நிறத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். அப்படி விடாமல் பாடியதால் ஆண் என்று ஊகிக்கலாம். குஞ்சுகள் மண்ணிறமாய், நெஞ்சில் வெளிறிய புள்ளிகளோடு இருக்கும். அதைத் தனியாகக் கண்டால் வேறு ஏதோ புதுக் குருவி என்று ஏமாறுவோம். நான் ஏமாந்திருக்கிறேன்.

இந்த இலங்கைக் கிளையினத்துக்கு லெக் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். தாஸ்மேனியாவில் பிறந்து, பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக 1870-களில் இலங்கையில் இருந்தவர் அவர். பீரங்கியை விடக் குருவியோடுதான் அவருக்கு அதிகம் அலுவல் இருந்திருக்க வேண்டும். இலங்கைப் பறவைகளைப் பற்றி அவர் எழுதி வைத்தது இன்றைக்கும் அடித்தளமாக இருக்கிறது. அண்மைக் காலத்தில் சில வகைப்பாட்டாளர்கள் நம் சோலைபாடியைத் தனி இனம் என்றே எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், நீங்கள் ஆற்றங்கரையில் கேட்டது உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு குருவியின் பாட்டு.

பழக்கவழக்கங்களுக்கு வருவோம். நிறத்தை விட இவைதான் கை கொடுக்கும்.

இது கீழ்த்தட்டுக் குருவி. பெரிய மரத்தின் உச்சிக்குப் போகாது. தலையளவு உயரத்திலோ, அதற்குக் கொஞ்சம் மேலோ, கொடியிலும் வளைந்த தடியிலும் இருக்கும். அங்கிருந்து சருகுத் தரைக்கு இறங்கி, இரண்டு மூன்று தத்து தத்தி, ஒரு வண்டையோ புழுவையோ எறும்பையோ கொத்திக்கொண்டு மேலே ஏறிவிடும். மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பினால் அதற்கு அன்றைக்குப் பெருநாள். எப்போதாவது காட்டுப் பழமும் தின்னும், ஆனால் அடிப்படையில் பூச்சி தின்னிதான். ஒரு கொப்பில் வந்து இறங்கியதும் வாலைச் சட்டென்று மேலே தூக்கி, பிறகு மெல்ல இறக்கும். கறுப்பு உருவம் மட்டும் தெரிகிற வெளிச்சத்தில் கூட இந்த வால் அசைவு தெரியும். வேறெதுவும் கிடைக்காவிட்டால் அதை மட்டும் பாருங்கள்.

நிழல் அதற்குக் கட்டாயம். வறண்ட வலயக் காடு என்றால் எங்கும் முள்ளும் வெயிலும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆற்றோரங்களில் மருதை கைகோத்து நிற்கும் இடமும், பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்து கீழே பற்றை அடர்ந்த உட்காடும் அப்படி இல்லை. கச்சான் காற்று வெளியில் வறுத்தெடுக்கிற ஆடி மத்தியானத்தில் கூட அங்கே சருகில் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால் பூச்சி இருக்கும். கும்புக்கன் ஓயாக் கரை அப்படியான இடம். நீங்கள் தங்க நல்ல இடம் என்று தேர்ந்த நிழலைத்தான் அதுவும் தேர்ந்திருக்கிறது.

நேரமும் ஒரு அடையாளம். காட்டில் மற்றக் குருவிகள் அடங்கிய பிறகும் இது அடங்காது. விடிய எழும்புவதிலும் அப்படியே, வெள்ளண எழும்புகிற கூட்டத்தில் ஒன்று. அரை வெளிச்சத்தில் இரை தேடுகிற ஆள் என்பதற்கு அதன் பெரிய கண்ணே சாட்சி. நடை போகிறவர்கள் வெயிலுக்கு முன் கிளம்பி, மாலையில் ஆற்றில் குளித்து, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் அது கச்சேரியைத் தொடங்குவதால், வருடா வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் கதிர்காமம் போயிருப்பார்கள். பெயர் கேட்டவர்கள் குறைவு.

பாட்டைப் பற்றி நீங்கள் "நாலைந்து குருவிகள் சேர்ந்து பாடுவது போல" என்று எழுதியிருந்தீர்கள். அது சரியான கவனிப்பு, அதே நேரம் ஆபத்தான தடயமும் கூட. சோலைபாடி மற்றக் குருவிகளின் குரலை எடுத்துத் தன் பாட்டுக்குள் கோத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தொழில் தெரிந்தது அது மட்டுமில்லை. வெள்ளை வயிற்றுக் கரிச்சானும், வாலில் இரண்டு துடுப்புத் தொங்கும் துடுப்புவால் கரிச்சானும் அதே காட்டில் அதே வேலையைச் செய்கின்றன. துடுப்புவாலான் பாம்புக் கழுகின் குரலில் கத்தி ஆட்களையே அண்ணாந்து பார்க்க வைக்கும். ஆக, பல குரலில் பாடியது என்பதை மட்டும் வைத்துச் சோலைபாடி என்று முடிவு கட்டினால் மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் பிடித்ததாகத்தான் ஆகும்.

என் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இது. கரிச்சான்களின் பாட்டில் இடையிடையே தகரத்தைத் தட்டியது போலக் கரகரப்பு வரும், ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டுக்குத் தாவுவது தெரியும். சோலைபாடியின் குரல் குழல் போல நிறைந்தது. ஒரு வரி பாடி, சின்ன இடைவெளி விட்டு, அடுத்த வரியை வேறு மாதிரி எடுக்கும், திருப்பிச் சொன்னாலும் அப்படியே சொல்லாது. கடன் வாங்கிய குரலைக் கூடத் தன் தொனிக்கு மாற்றித்தான் பாடும். பாட்டு இப்படியிருக்க, பயம் வந்தால் மட்டும் "டக், டக்" என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு வறண்ட ஒலி எழுப்பும். நீங்கள் கிட்டப் போனபோது பாட்டு நின்று இந்தச் சத்தம் கேட்டிருந்தால், நான் சொன்னதற்கு இன்னொரு ஆதாரம்.

இந்தக் குரலுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. உலகத்தில் முதன்முதல் ஒலிப்பதிவான பறவைப் பாட்டு சோலைபாடியினுடையது. 1889-ல் ஜெர்மனியில் லூட்விக் கோக் என்ற சிறுவன், வீட்டுக்கு வந்திருந்த எடிசன் போனோகிராப்பின் மெழுகு உருளையில், கூட்டில் வளர்ந்த ஒரு சோலைபாடி பாடுவதைப் பதிந்து வைத்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. பிற்காலத்தில் அவர் இங்கிலாந்தில் பறவைக் குரல்களைப் பதிவதில் பெரிய பெயர் எடுத்தார். மீனே பாடும் என்று பெருமைப்படுகிற ஊர் எங்களுடையது. பாடும் மீனைக் கேட்கப் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் தோணி பிடித்தவர்கள் உண்டு. இந்தக் குருவிக்குத் தோணி தேவையில்லை, ஆனாலும் அதற்கு நம் பேச்சு வழக்கில் நிலைத்த பெயர் ஒன்று இல்லை. வயலில் நெல் தின்கிற குருவிக்கும் குளத்து மீன் தின்கிற கொக்குக்கும் நமக்குப் பெயர் தட்டுப்பாடில்லை. காட்டுக்குள் பூச்சி தின்றுவிட்டுச் சும்மா இருக்கிற குருவி என்றால் "ஏதோ காட்டுக் குருவி". அதோடு யுத்த காலத்தில் முப்பது வருடம் காட்டுப் பக்கம் போனவர்கள் குருவி பார்க்கவா போனார்கள்? சோலைபாடி என்பது புத்தகத்துப் பெயர்தான், இருந்தாலும் அழகான பெயர். கொக்கட்டிச்சோலைக்காரர்களாவது அதை எடுத்துக்கொள்ளலாம்.

கூடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது கேள்விக்கு அது தேவைப்படும். மரப்பொந்துதான் அதன் வீடு. தானே துளைக்காது, இருக்கிற பொந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். சருகும் வேரும் புல்லும் கொண்டு உள்ளே கூட்டை அமைப்பது பெண் மட்டும், ஆண் பக்கத்தில் நின்று காவல் பார்க்கும். அடை காப்பதும் பெண்தான், 12 முதல் 15 நாள் வரை. குஞ்சு பொரித்த பிறகு இருவரும் இரை கொண்டு வருவார்கள். இன்னொரு 12, 13 நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். பட்ட மரம் என்று நாங்கள் விறகுக்குத் தறிக்கிற மரத்தில்தான் பொந்து அதிகம் இருக்கும்.

பிடித்து வளர்க்கலாமா? வேண்டாம் தம்பி. முதலில் சட்டம். 1937-ம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காகம் போல விலக்களிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, நாட்டின் காட்டுப் பறவைகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. சோலைபாடி அந்த விலக்கில் இல்லை. நீங்கள் கேட்டதோ தேசியப் பூங்காவின் எல்லை ஆற்றங்கரை, அங்கே ஒரு இறகைக் கூட எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

சட்டத்தை விட்டாலும், இந்தோனேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இதே குருவிக்கு முராய் பத்து என்று பெயர். கூட்டில் வைத்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டு போவார்கள், வென்ற குருவிக்கு மோட்டார் சைக்கிள் விலை எல்லாம் கேட்பார்கள். நல்ல பாட்டுக்காரனைத் தேடித் தேடிப் பிடித்ததில், ஜாவாவிலும் சுமாத்திராவிலும் ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்த காடுகள் பலவற்றில் இன்று அது இல்லை. 2022-ல் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டி வந்தது. பிறந்த காட்டில் அருகிப் போன குருவி, ஆட்கள் கொண்டுபோய் விட்ட ஹவாய்த் தீவுகளில் செழிப்பாக இருக்கிறது. 1931-ல் காவாய் தீவில் விட்டார்கள், 1940-ல் ஓவாகு தீவில். இப்போது அங்கே காட்டு வழிகளில் நடப்பவர்களுக்கு நன்கு பழக்கமான குரல் அது. நம் காட்டில் இன்னும் தாராளமாக இருப்பதற்கு ஒரு காரணம், நம் ஆட்களுக்குக் கூட்டில் கிளி வளர்க்கிற ஆசையோடு விஷயம் முடிந்துவிட்டது என்பதுதான். இந்த ஆசையை யாருக்கும் புதிதாகத் தொற்ற வைக்க வேண்டாம்.

இனி எங்கே பார்ப்பது. திருக்கோவிலில் இருந்து மறுபடி கும்புக்கன் ஓயா வரை நடக்கத் தேவையில்லை. பொத்துவிலில் இருந்து சியம்பலாண்டுவைக்குப் போகிற ஏ4 வீதி லகுகலைக் காட்டை ஊடறுத்துப் போகிறது. பொத்துவிலில் இருந்து 16 கிலோமீட்டர் அளவு. 1,554 ஹெக்டேயர் மட்டும் கொண்ட சின்னத் தேசியப் பூங்கா அது, ஆனால் மரங்கள் நல்ல உயரம். ஒன்று மட்டும், அது யானைக் காடு. லகுகலைக் குளத்தில் வளரும் பெரு என்கிற புல்லுக்காக யானைகள் கூட்டமாக வரும். நீங்கள் குருவிக்குப் போகிற விடியலும் அந்தியும்தான் அவை வீதி கடக்கிற நேரமும். இறங்கிக் காட்டுக்குள் நடக்காதீர்கள், வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி உள்ளேயிருந்தே கேளுங்கள். உகந்தைக் கோயிலைச் சுற்றியுள்ள காடும் நல்லது. மட்டக்களப்புப் பக்கத்தவர்கள் என்றால் தாந்தாமலைக் கோயிலை ஒட்டிய காடுகளில் விடிய முயலலாம், கல்லோயாப் பூங்காவிலும் பார்க்கலாம். எங்கு போனாலும் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யானை நிற்கிற இடம் அவருக்குத்தான் தெரியும்.

போனால் நடக்காதீர்கள், இருங்கள். நானும் முதல் சில வருடங்கள் கழுத்தில் பைனாகுலரைக் கொழுவிக்கொண்டு பாட்டை நோக்கி நடந்தேன். நான் பத்து அடி போனால் அது இருபது அடி போகும். இதோ பிடித்துவிடுகிறேன் என்று போய், கடைசியில் முள்ளில் சாரத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம். இருபது நிமிடம் ஒரு மரத்தடியில் அசையாமல் இருந்தால், அது தன் பாட்டுக்கு இரை தேடிக்கொண்டு பக்கத்திலேயே வந்து இறங்கும். போனில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வரும்தான், ஏன் என்றால் தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும். கூட்டில் குஞ்சு இருக்கிற காலத்தில் அந்த வீண் ஓட்டம் அதற்குப் பெரிய செலவு. போடாதீர்கள்.

அப்படிக் காத்திருக்கும்போது நிலத்தோடு ஒட்டி இன்னொரு குரல் கேட்கக்கூடும். "ப்ரீ-டீ-டியர்" என்று மூன்று அசையில், கீழே சருகுக்குள் இருந்து, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. அதைச் சோலைபாடியின் ஒரு வரி என்று நினைத்துவிடாதீர்கள். அது தலையில் கபில நிறத் தொப்பி போட்ட ஒரு சின்னச் சிலம்பன், இலங்கைக்கு மட்டுமே உரியது, சருகு நிறத்திலேயே இருக்கும். சோலைபாடியை இருந்து பார்க்கலாம் என்றேன், இதை இருந்தும் பார்ப்பது கஷ்டம். இரண்டு மீட்டரில் கூப்பிடும், சருகு அசையும், குருவி மட்டும் தெரியாது. சோலைபாடி ஒரே வரியை இப்படி இருபது தரம் திருப்பாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால், செம்மண் வயிற்றுக்கு ஆசைப்பட்டு முன்பக்கத்தையே குறி வைக்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் அது கறுப்பாகத்தான் விழும். கொப்பில் இறங்கி வாலைத் தூக்கியதும் முதுகுப் பக்கமாக ஒன்று, கிளம்புகிற நேரம் ஒன்று. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இடுப்பில் அந்த வெள்ளை விழுந்திருந்தால் மாமாவிடமும் மச்சானிடமும் காட்டப் போதும்.